வந்தாரை வாழவைத்த வன்னி: முள்ளிவாய்க்காலில் நின்ற மக்கள் யார்?

'வந்தாரை வாழவைக்கும் வன்னி' என்ற வாக்கியம் ஈழத்தில் மேடைகளிலும் விழா மலர்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பெருமையாகச் சொல்லப்படும் அந்த வாக்கியத்தை ஒரு வரலாற்றுக் கூற்றாக எடுத்துச் சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை. சோதனைக்குரிய இடம், 2009 மே மாதத்தில் இறுதிப்போர் முடிந்த முள்ளிவாய்க்கால். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 429,059 பேர் இருந்ததாக மாவட்டச் செயலகங்களின் கணக்குச் சொன்னது. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து பதியப்பட்டவர்கள் 282,380 பேர். இடையில் விடுபட்ட 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். அதற்கு இன்னும் பதில் இல்லை. அந்தக் கேள்வியின் பக்கத்திலேயே, அவ்வளவாகக் கேட்கப்படாத இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாலு இலட்சத்துச் சொச்சம் பேர் யார்? எப்போது, எந்த வழியால், எதைப் பறிகொடுத்து வன்னிக்கு வந்தவர்கள்? இதற்கு விடை தேடப் புகுந்தால், இடப்பெயர்வு என்பது 2009 இல் வன்னி மக்களுக்கு நேர்ந்த ஒன்று மட்டுமல்ல, வன்னி மக்களை உருவாக்கியதே அதுதான் என்பது தெரியவரும். ஆனால் துரத்தப்பட்டு வந்ததால் மாத்திரம் எவரும் ஒரு மக்களாகிவிடுவதில்லை. வந்து சேர்ந்த மண்ணில் காணிக்கு உரியவராகவும், அவ்வூர்ப் பொங்கலுக்கும் கூத்துக்கும் பங்காளியாகவும் ஏற்கப்படும்போதே அது நடக்கிறது. வன்னியில் அந்த ஏற்பு பாதியில் நிற்கிறது என்பதே என் வாதம்.

வன்னிக்கு ஒரு பழங்குடிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளத்தையும் காட்டையும் நம்பிய ஊர்கள், வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்கள், 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோற்ற பண்டாரவன்னியன், முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் போன்ற ஊர்களின் நெடிய நினைவு, இவையெல்லாம் இருக்கின்றன. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்த வன்னி, உடைந்த குளங்களும் மலேரியாவும் ஆளில்லாத ஊர்களும் நிறைந்த வன்னி. இன்று கிளிநொச்சியாக நாம் காணும் நெல்வயல் நாடு, 20ஆம் நூற்றாண்டின் முதல் இரு பத்தாண்டுகளில் எழுந்த இரணைமடுக் குளத்தாலும், அதன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியற்றோரைக் கொண்டுவந்து இருத்திய குடியேற்றத் திட்டங்களாலும் உருவானது. வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் பின்னர் அதே வழியில் வந்தன. ஆகவே இன்றைய வன்னி மக்களில் பெரும்பகுதியினர் ஒன்றிரண்டு தலைமுறைக்கு முன் வந்தவர்கள். இது வன்னியின் பழைமையைக் குறைப்பதாகாது. வந்தவர்களும் குளக்கட்டையும் வாய்க்காலையும் காவல் செய்து, காட்டு யானையோடு போராடித்தான் இந்த மண்ணைப் பெற்றார்கள்.

அவர்களுக்குப் பின் வந்தவர்களின் கதைதான் இங்கு நிறுத்திப் பார்க்க வேண்டியது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த கூலிகள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவும் பசியும் அந்த வழியெங்கும் அவர்களைக் கொன்றன. அவர்களின் பேரப்பிள்ளைகளை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 975,000 பேரைக் கணக்கில் வைத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 1973, 74 இல் மலையகத் தோட்டங்களில் பஞ்சம். 1977 ஓகஸ்டில் இனக்கலவரம். அந்தக் கலவரத்துக்குப் பின் மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தன. 1981, 1983 கலவரங்கள் அந்த ஓட்டத்தைப் பெருக்கின. மூதாதையர் மலைக்கு நடந்து போன அதே வடபுலத்துக் காட்டு நாட்டுக்கு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

வந்தவர்களை வன்னி எப்படி ஏற்றது? வைத்தியர் சோ. இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்ற காந்தியம் இயக்கம் வவுனியாவை மையமாகக் கொண்டு அவர்களைப் பண்ணைகளில் குடியமர்த்தியது. கிணறு வெட்டவும் பாலர் பாடசாலை நடத்தவும் துணைநின்றது. ஒருவர் இன்னொருவரை வாழவைத்தார் என்று சொல்லத் தகுந்த செயல் அது. அரசு அதை அப்படிப் பார்க்கவில்லை. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984 இல், அவ்வாறு குடியமர்த்தப்பட்ட கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்கள் விரட்டப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு இருத்தப்பட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 30 இல் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கியபோது அந்தக் கைதிகளும் அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். ஒரே காணி, இரண்டு கூட்டம் அப்பாவிகள். அவ்வாண்டு டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டு முல்லைத்தீவின் உட்பகுதிகளில் அகதிகளானார்கள். இந்த ஊர்களைச் சூழ்ந்த மணலாறு, வெலிஓயா என்ற சிங்களக் குடியேற்றப் பகுதியானது.

அரசின் பங்கைச் சொன்ன பிறகு நம்மவர் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வந்தவர்களை 'வடக்கத்தியார்' என்றும் 'தோட்டக்காட்டார்' என்றும் பிரித்து வைத்த வாய் வன்னியின் வாய்தான். பழைய குடியேற்றத்தாருக்குக் குளத்து நீர் பாயும் வயல் காணியும் மேட்டுக் காணியும் இருந்தன. பின்வந்தவர்களுக்கு நீர் பாயாத மேட்டுத் துண்டும், அடுத்தவர் வயலில் நாட்கூலியும் வாய்த்தன. நாடற்றவருக்கு அரச காணி அனுமதிப்பத்திரம் கிடைக்க வழியே இருக்கவில்லை. குடியுரிமைச் சிக்கலோ 1988, 2003 சட்டங்கள் வரை இழுபட்டது. இடையில் முழுதாக ஒரு தலைமுறை 'அத்துமீறிக் குடியிருப்போர்' என்ற பெயரில் பிறந்து வளர்ந்தது. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற குடியிருப்புகளின் வரலாறு இதுதான்.

இந்த இடத்தில் உலகின் இன்னொரு மூலையைப் பார்ப்பது உதவும். இன்று கனடாவின் நோவா ஸ்கோசியாவாக இருக்கும் கடற்கரையில் 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சு உழவர்கள் அக்காடியர். உப்புச் சதுப்பில் அணைகட்டி, கடல்நீரை வெளியேற்றி, கோதுமை விளைத்தவர்கள். 1713 இல் அந்நிலம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நிபந்தனையற்ற விசுவாசச் சத்தியம் செய்ய அவர்கள் மறுத்தார்கள். 1755 செப்டம்பர் 5 இல் கிராண்ட் பிரே தேவாலயத்துக்குள் ஆண்களை வரவழைத்து, காணியும் கால்நடையும் மன்னருக்குப் பறிமுதல் என்று படைத்தளபதி வின்ஸ்லோ வாசித்தார். வீடுகள் எரிக்கப்பட்டன. அடுத்த எட்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பல்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். நோயிலும் கப்பல் மூழ்கியும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது. ஒரே ஊரிலிருந்து ஒரே நாளில் விரட்டப்பட்டவர்களின் கதி போய்ச் சேர்ந்த இடத்தைப் பொறுத்து மாறியது. வேர்ஜினியா அவர்களை ஏற்க மறுத்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டது. பிற ஆங்கிலக் குடியேற்றங்களில் ஏழைகளாகச் சிதறவிடப்பட்டோரில் அங்கேயே தங்கியவர்கள் காலப்போக்கில் அடையாளம் கரைந்து போனார்கள். பிரான்சுக்குப் போனவர்களைச் சொந்த மொழிக்காரரே பாரமாகப் பார்த்தார்கள். அங்கு நிவாரணப் பணத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தும் வேர் பிடிக்கவில்லை. ஆனால் 1765 இல் ஜோசப் புரூசார் என்பவரோடு ஏறத்தாழ 200 பேர் லூசியானாவை அடைந்தார்கள். 1785 இல் பிரான்சிலிருந்தே ஏழு கப்பல்களில் 1,600 பேரளவில் அங்கு வந்தார்கள். அப்போது லூசியானாவை ஆண்ட ஸ்பானியர் அவர்களுக்குக் குடும்பம் குடும்பமாக, பக்கம் பக்கமாக நிலம் கொடுத்தார்கள். கேஜன் என்ற மக்கள் அங்கேதான் உருவானார்கள். துயரம் எல்லோருக்கும் ஒன்றே. நிலம் கிடைத்த இடத்தில்தான் அது ஒரு சமூகமாகத் திரண்டது.

மலையகத் தமிழரின் சிதறலிலும் இதே பாடம் படிக்கக் கிடைக்கிறது. 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கென்றே தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் திறந்தது. அங்கும் அவர்கள் லயம் என்னும் தோட்ட வரிசை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளராகவே நின்றார்கள். வேலைக்காலம் முடிந்தால் வீட்டை விட வேண்டும் என்ற நிலை தொடர்ந்தது. ஊர் மாறியது, லயம் மாறவில்லை. வன்னிக்கு வந்தவர்களோ, பத்திரம் இல்லாவிட்டாலும், தாமே வெட்டிய காட்டில் தாமே கட்டிய குடிசையில் கச்சானும் உழுந்தும் விதைத்தார்கள். வன்னியைக் குறை சொல்லும்போதும் இந்த வேற்றுமையை மறக்கக் கூடாது. தோட்டத்துரை இல்லாத வாழ்க்கையை அவர்களுக்கு முதலில் தந்தது இந்த மண்தான்.

இனி, கேஜன் மக்களின் பண்பாடு எதனால் ஆனது என்று பார்க்கலாம். அவர்களின் அடையாளமாக உலகம் அறிந்த 'கம்போ' என்ற குழம்பில் வெண்டிக்காய் ஆபிரிக்க அடிமைகளோடு வந்தது. அதைத் தடிப்பாக்கும் இலைத்தூள் சொக்டோ பழங்குடியினர் கொடுத்தது. அவர்களின் பாட்டுக்கு உயிரான அக்கோர்டியன் ஜேர்மன் கருவி. அந்த இசையின் முதல் தலைமுறை ஒலிப்பதிவுகளில் அமெடே ஆர்டுவான் என்ற கறுப்பினக் கலைஞரின் குரல் இல்லாமல் கேஜன் இசையே இல்லை. துரத்தப்பட்டவர்கள் அக்கம்பக்கத்தவரிடம் கேட்டு வாங்கிச் சமைத்த பண்பாடு அது. ஆனால் அவர்களுக்காக வெளியுலகம் எழுதிய கதை வேறு. 1847 இல் அமெரிக்கக் கவிஞர் லோங்பெலோ, காதலனைத் தேடி அலையும் எவஞ்சலின் என்ற கற்பனைப் பெண்ணைப் படைத்தார். அவர் லூசியானாவைக் கண்டதில்லை. அந்தக் காவியம் புகழடைந்தபின் கேஜன் மக்களே எவஞ்சலினுக்குச் சிலையும் கல்லறையும் காட்டத் தொடங்கினார்கள். அதில் கறுப்பினத்தவர் மறைந்தார்கள். அக்காடியரில் வசதி கண்டவர்கள் தாமே அடிமைகளை வைத்திருந்த உண்மையும் மறைந்தது.

வன்னியின் நிலை இதில் மேலானது. அலைந்து வந்த பெண்ணின் கதைக்கு வன்னி வெளியாரை எதிர்பார்க்கவில்லை. நந்திக்கடலின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி இருக்கிறாள். எரிந்த மதுரையிலிருந்து கடல் கடந்து வந்தவள் என்பது இங்குள்ள ஐதிகம். அந்தத் தெய்வமே இடம்பெயர்ந்தவள். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, கடல்நீரில் விளக்கெரித்து, மடைப்பண்டம் கொண்டுசெல்லும் வரிசையில் எந்த ஊருக்கு என்ன உரிமை என்பது தலைமுறைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. கோவலன் கூத்து முல்லைமோடி என்ற தனி ஆட்டமரபில் இங்கு வளர்ந்திருக்கிறது. பொங்கலுக்குக் கூடும் சனம் எந்த ஊர், எந்த வழி வந்தவர் என்று எவரும் கேட்பதில்லை. மலையகத்து மாரியம்மனும் கிளிநொச்சிக் குடியிருப்புகளில் கோயில் கொண்டாள். ஆயினும் கும்பிட வருவது வேறு, உரிமை வரிசையில் நிற்பது வேறு. முன்னதை வன்னி தாராளமாகத் தந்தது. பின்னதில் கை இறுக்கம் உண்டு. பண்பாட்டை ஆராய்வோர் இந்த எல்லைக்கோட்டை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு எழும். முள்ளிவாய்க்காலில் அந்த எல்லைகளெல்லாம் எரிந்து போகவில்லையா? 2009 சனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்ததிலிருந்து மே 18 வரை, வரணிக்காரரும் ஹற்றன்காரரும் கொக்கிளாய்க்காரரும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறி வந்தவர்களும், ஒரே பங்கருக்குள் படுத்தார்கள். அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் எறிகணை வீசியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப்போனார்கள். இரண்டையும் ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் பதிவுசெய்தது. 40,000 குடிமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் அது சொன்னது. ஏப்ரல் 8 இல் பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் எறிகணைக்குப் பலியானபோது, அந்த வரிசையில் மலையகம், யாழ்ப்பாணம் என்ற பிரிவு இருக்கவில்லை. அரிசியும் உப்பும் தண்ணீரும் மாத்திரம் கொண்ட கஞ்சி எல்லோருக்கும் ஒரே கஞ்சி. இன்று மே 12 முதல் 18 வரை ஊர்தோறும் அதைக் காய்ச்சிக் கொடுப்பதால், வன்னியில் பிறந்த ஒரு புதிய சடங்கு தமிழர் வாழும் நாடெல்லாம் பரவியிருக்கிறது. 2024 மே மாதத்தில் சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்கள் கைதானது, அந்தச் சடங்கின் வலிமையை அரசு எவ்வளவு அறிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த மறுப்பில் உள்ள உண்மையை நான் மறுக்கவில்லை. சாவின் முன் வந்த சமத்துவம் மெய்யானது. ஆனால் அது, போரில் தப்பியவர்கள் அடைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமின் முட்கம்பியைத் தாண்டிய பின் எத்தனை நாள் நின்றது என்பதுதான் கேள்வி. 2012 செப்டம்பரில் அந்த முகாம் மூடப்படும்வரை கட்டம் கட்டமாக மீள்குடியேற்றம் நடந்தது. காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தவர் தன் வளவுக்குத் திரும்பினார். வீட்டுத்திட்டத்துக்கும் அந்தக் கடதாசியே அடிப்படையானது. பத்திரம் இல்லாதவர், பத்திரத்தைப் பங்கருக்குள் இழந்தவர், 'நீங்கள் எந்த இடம்?' என்ற பழைய கேள்விக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டியிருந்தது. தறப்பாளின் கீழ் எல்லோரும் ஒன்று. கிராம அலுவலரின் மேசைக்கு முன் அப்படியில்லை. படைமுகாமுக்குக் காணி பறிபோன கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் வீதியோரத்தில் நாட்கணக்காக இருந்து ஒரு பகுதியை மீட்டார்கள். அவர்களின் கையில் 'இது எங்கள் காணி' என்று காட்ட ஆவணமும் நினைவும் இருந்தன. நாற்பது ஆண்டு குடியிருந்தும் ஆவணம் இல்லாதவருக்கு அப்படி ஒரு போராட்டத்தைத் தொடங்கவே பிடிமானம் இல்லை.

இரண்டாவது மறுப்பு அரசியல் சார்ந்தது. படையும் வனத்திணைக்களமும் தொல்லியல் திணைக்களமும் மகாவலி அதிகாரசபையும் நிலத்தைச் சுற்றி வளைக்கும் நேரத்தில், தமிழருக்குள் வந்தார் இருந்தார் பேச்சு எடுப்பது பிளவுக்கு வழிகாட்டாதா? எடுக்காமல் விட்டதுதான் பிளவாகிறது என்பது என் பதில். எல்லையோரக் கிராமங்களில் தாக்குதலையும் காட்டையும் தாங்கிக் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் காணி உரிமை குறைந்தவர்களே. நிலத்தைக் காக்க அவர்கள் வேண்டும், நிலம் மட்டும் அவர்களுக்கு வேண்டாம் என்ற நிலைப்பாடு நீடிக்காது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவின் தண்ணீரூற்று முஸ்லிம்களும் கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வந்தவர்கள் அல்லர், இருந்தவர்கள். அவர்களை அனுப்பியபோது வன்னி அமைதியாக இருந்தது. அவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்து காணி கேட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. கிராண்ட் பிரேயில் நடந்ததற்கு ஒப்பான செயல் நம் பெயரால் நம் ஊரில் நடந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் 2009 க்கு உலகத்திடம் நீதி கேட்கும் குரல் முழுமை பெறாது.

மூன்றாவதாக, நிலம் கிடைத்த கேஜன் மக்களும் மொழியை இழக்கவில்லையா என்று கேட்கலாம். இழந்தார்கள். 1921 இல் லூசியானா அரசியலமைப்பு பாடசாலையில் ஆங்கிலத்தை மட்டும் அனுமதித்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது தம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. 1968 இல் மாநில அரசே பிரெஞ்சு வளர்ச்சிச் சபை அமைத்தபோது காலம் கடந்திருந்தது. எனவே நிலம் ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. வன்னியின் பிரச்சினை அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இங்கே தமிழ்ப் பாடசாலை இருக்கிறது, மொழி உறுதியாக நிற்கிறது, இலக்கியமும் வளமாக இருக்கிறது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டு வாழ்வை ஈழ நாவலின் நடுவே கொண்டுவந்தது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' இறுதிப்போரின் சனத்தைப் பேசவைத்தது. ஆட்டங்காண்பது காணிதான். அக்காடியர் வழியில் வந்த வழக்கறிஞர் வாரன் பெரின் 1990 இல் பிரித்தானிய முடியிடம் பணம் கேட்கவில்லை, நடந்ததை ஒப்புக்கொள் என்றுதான் கேட்டார். 2003 டிசம்பரில் வந்த அரச பிரகடனம் வெளியேற்றத்தின் துயரத்தை ஏற்று, யூலை 28 ஐ நினைவுநாளாக்கியது. கிட்டத்தட்ட இருநூற்றைம்பது ஆண்டுகள் அவர்களால் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம், காத்திருக்கும் காலமெல்லாம் காலூன்ற நிலம் இருந்ததே.

முள்ளிவாய்க்காலுக்கான நீதி எப்போது, யாரால் வரும் என்பது வன்னியின் கையில் இல்லை. காணிப் பதிவு பெருமளவு வன்னியின் கையில்தான் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் பணிபுரிபவர்கள் தமிழர். பரிந்துரைப் பட்டியல் தயாரிப்பவர்களும் தமிழர். காணி அபிவிருத்திச் சட்டத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற குடும்பத்திலும் பெரும்பாலும் ஒரு பிள்ளையே பின்னுரித்தாளியாகிறது. மேட்டுத் துண்டைக் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்கவும் முடியாது. 1977 இல் தாயின் இடுப்பில் வந்த பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாணம் கட்டிய மகன் தகப்பனின் வளவுக்குள் தகரக் கொட்டில் போட்டிருக்கிறான். அவனுடைய மனைவி அடுத்தவர் வயலில் களை பிடுங்கப் போகிறாள். அடுத்த காணிக் கச்சேரியில் முதலில் எடுக்க வேண்டிய கோப்பு அவர்களுடையது. தண்ணீரூற்று முஸ்லிம்களின் கோப்பும் அதே மேசையில் இருக்க வேண்டும்.